முதியோர் குடியிருப்பு தேர்ந்தெடுப்பது எப்படி: நாங்கள் கேட்க மறந்த கேள்விகளோடு

சென்ற ஆடி மாதம் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்துக்குள், வரும்போது நிலைப்படியில் கால் தட்டி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் ஆத்தாவால், அதாவது அம்மாவால், அவரைத் தூக்க முடியவில்லை, பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, எதிர் வீடும் அப்படியே, கடைசியில் தெருமுனை டீக்கடை வரை நடந்து போய் ஆள் கூட்டி வருவதற்குள் இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் அப்பச்சி ஆத்தங்குடிக் கல்லில் படுத்தபடி மேலே தேக்கு உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தாராம். காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டில், பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு, உள்ளே இரண்டே பேர்.

அப்புறம் எட்டு மாதம் நானும் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் தேடினோம். கோயம்புத்தூர், திருச்சி, சென்னைப் புறநகர் என்று ஒன்பது இடம் பார்த்தாயிற்று. ஒரு இடத்தில் அவசரப்பட்டு முன்பணம் கட்டி மாட்டிக்கொண்டதும் உண்டு. சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் போனில் இதையே திரும்பத் திரும்பக் கேட்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

1. எந்த வகை என்று முதலில் தெளியுங்கள்

விளம்பரத்தில் எல்லாமே சீனியர் லிவிங்தான். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இண்டிபெண்டன்ட் லிவிங் என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கான வீடு. சமையல், துப்புரவு, காவல், அவசர உதவி இவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், உடம்பைத் தொட்டுச் செய்யும் உதவி அதில் சேராது. அது வேண்டுமென்றால் அசிஸ்டட் லிவிங், அதற்குக் கட்டணமே வேறு.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதில் சேர்த்தி என்று பார்க்க மருத்துவர்கள் பார்க்கும் ஆறு விஷயங்களே போதும்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஆறும் தன்னால் முடிகிறதென்றால் இண்டிபெண்டன்ட் சரி. கூடவே ஒரு சின்னச் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி கைபேசியில் நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். அப்பச்சிக்கு 14. அதனால்தான் நாங்கள் பார்த்த எல்லா இடத்திலும் குளியலறையை மட்டும் குனிந்து குனிந்து பார்த்தோம்.

2. பெரியவர்களிடம் பேசுவது

இதை நான் கடைசியில் செய்தேன், தப்பு. நான்கு இடம் பார்த்து முடித்த பிறகு சொன்னபோது ஆத்தா கேட்டது ஒன்றுதான்: "ஹோம்ல கொண்டுபோய் விடப் போறியா?" இரண்டு வாரம் பேச்சே இல்லை.

அப்புறம் ஒரு நாள் அண்ணன் போனில் சொன்ன விதம் வேலை செய்தது. நம் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வைப்பார்கள் இல்லையா. ஒரே வளவு, ஒரே கிணறு, ஆனால் அறை தனி, அடுப்பு தனி, கணக்கு தனி. ஒரு வளவைச் சுற்றி நாலைந்து அடுப்பு எரிந்த வீடுதான் எங்களுடையதும். "அதே மாதிரிதான் ஆத்தா, சுற்றி இருக்கிறவங்க மட்டும் பங்காளிங்க இல்ல" என்றான். அதற்கு ஆத்தா, "அப்ப சண்டை கம்மியா இருக்கும்" என்றார். பேச்சு நகர்ந்தது.

3. பணக் கணக்கு

மூன்று வழி உண்டு. பத்திரம் போட்டு வாங்குவது, பெரிய டெபாசிட் கட்டிக் குத்தகைக்கு எடுப்பது, மாத வாடகை. முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு வாடகைக்குத்தான், குறைந்தது ஒரு வருடமாவது. பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். வாங்கிய வீட்டை விற்பது அவ்வளவு சுலபமில்லை, ஏனென்றால் வாங்குபவர் யாராக இருந்தாலும் அங்கே குடியிருப்பவருக்கு 55 அல்லது 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி. நாளை அது உங்கள் பேருக்கு வந்தாலும் நீங்கள் போய்க் குடியிருக்க முடியாது, வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

மாதச் செலவை இன்றைய விலையில் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டணம் வருடத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பு. இன்று 40,000 என்றால் அப்பச்சிக்கு 85 வயது ஆகும்போது 80,000. தபால் நிலையத்திலும் வங்கியிலும் போடும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், கணவன் மனைவி தனித்தனியாகவும் போடலாம். 8.2 சதவீத வட்டி என்றால் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், மாதக் கணக்கில் 20,500. நல்ல திட்டம்தான், ஆனால் வட்டி ஐந்து வருடத்துக்கு அப்படியே நிற்கும், அங்கே கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த இடைவெளியை யார் கொடுப்பது என்று அண்ணன் தம்பி அக்கா தங்கை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இன்னொன்று, ஊர் வீட்டை விற்று இதற்குக் கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் கையெழுத்து வேண்டும் என்று எண்ணத் தொடங்கி, மூன்றாம் தலைமுறையில் நிறுத்திவிட்டேன்.

4. ஊர்

கோயம்புத்தூரில் இடம் அதிகம், வெயிலும் குறைவு. ஆனால் காரைக்குடியிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். திருச்சி 90 சொச்சம்தான், பல்லவன் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் இழை எடுக்க ஊருக்கு வராமல் ஆத்தா இருக்கப் போவதில்லை என்று தெரிந்ததால் எங்களுக்குத் திருச்சி என்பது ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று.

5. நேரில் பார்ப்பது

எக்செல் தாளெல்லாம் போட்டேன், பயன்படவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, அளக்கும் டேப் ஒன்று, இதுவே போதும். இணையத்தில் உள்ள நட்சத்திர மதிப்பெண்களை நான் நம்புவதில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும்.

டேப்பால் அளக்க வேண்டியவை: குளியலறைக் கதவு, சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 சென்டிமீட்டர் இருந்தால் நல்லது. சாய்தளம், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும், அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அது ஸ்ட்ரெச்சருக்குப் போட்டதில்லை, படத்துக்குப் போட்டது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நீட்டமாகப் போகுமா என்று பாருங்கள். அவசர மணி குளியலறைத் தரையில் விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்டுகிறதா? நாங்கள் பார்த்த ஒன்பதில் நான்கு இடங்களில் மணி தோள் உயரத்தில் இருந்தது. நின்றுகொண்டே விழுகிறவர்களுக்காக வைத்தார்கள் போலிருக்கிறது.

சாப்பாட்டைக் கேட்க மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம். பெரும்பாலான இடங்களில் சுத்த சைவம், சிலவற்றில் உங்கள் வீட்டு அடுப்பில்கூட மீன் வைக்கக் கூடாது. எழுபத்தாறு வயது வரை ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறி சாப்பிட்ட மனிதரிடம் இதைச் சேர்ந்த பிறகு சொல்ல முடியாது.

6. ஒப்பந்தம் (இங்கேதான் நாங்கள் விழுந்தோம்)

ஒரு இடம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. வேப்ப மரம், நூலகம், கோயில், எல்லாம். வீடு வாங்குவதாகப் பேசி முன்பணம் கட்டினோம். வீட்டுக்கான விற்பனை ஒப்பந்த வரைவைக் கொடுத்தார்கள், வழக்கறிஞரிடம் காட்டினோம், சுத்தம் என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். சாப்பாடு, செவிலியர், பராமரிப்பு இவற்றுக்குத் தனியாக இன்னொரு ஒப்பந்தம் இருப்பது, அதுவும் வேறொரு நிறுவனத்தோடு என்பது, ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கட்டியவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர். நடத்துபவர் விட்டுவிட்டுப் போனால் உங்கள் கையில் இருப்பது ஊருக்கு வெளியே ஒரு சாதாரண ஃபிளாட்.

அந்தச் சேவை ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் மூன்று இடம் இடித்தது. கட்டண உயர்வுக்கு உச்ச வரம்பே இல்லை, "அவ்வப்போது தீர்மானிக்கப்படும்" என்று மட்டும் இருந்தது. அப்பச்சி பேரில் மட்டும் இருந்தது, அவருக்குப் பிறகு ஆத்தா இருப்பதற்குப் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: தினசரி வேலைகளுக்குப் பிறர் உதவி தேவைப்படும் நிலை வந்தால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். எதற்குப் பயந்து அங்கே போகிறோமோ அது நடந்தால் வெளியே போ என்கிறது காகிதம். பேசினோம், மாற்ற மாட்டோம் என்றார்கள். முன்பணத்தில் ஒரு பகுதி பிடித்துக்கொண்டு மீதி வர நான்கு மாதம் ஆயிற்று.

எனவே என் முறை இது. எந்த இடமானாலும் படங்களைக் காட்டும் முன்பே சேவை ஒப்பந்தத்தின் வரைவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த இடத்தை நோட்டில் அடித்துவிடுங்கள். வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள், வெளியேறும் விதிகள் அங்கேதான் இருக்கும். உடம்புக்கு முடியாமல் போனால் என்ன, ஒருவர் மட்டும் மிஞ்சினால் கட்டணம் எவ்வளவு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் (அடுத்த ஆள் வந்த பிறகுதான் என்று எழுதியிருந்தால் தேதி போட்டு மாற்றச் சொல்லுங்கள்), பராமரிப்புக் கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்த்தியா தனியா. மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019ல் முதியோர் இல்லக் குடியிருப்புகளுக்கென்று வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகளில், கட்டுபவர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேளுங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே பாதித் தகவல்.

வாங்குவதாக இருந்தால் தமிழ்நாடு ரெரா (வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைத் தேடிவிடுங்கள். 2016ம் வருட ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. குத்தகை என்றால் ஒரு வருடத்துக்கு மேற்பட்டதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் பெரிய டெபாசிட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

7. தங்கிப் பார்ப்பது

ஒரு மதியச் சாப்பாடு போதாது, பத்து நாளாவது விருந்தினர் அறையில் பெரியவர்களோடு தங்குங்கள். மூன்றாவது நாள் சாம்பாரும் ஏழாவது நாள் சாம்பாரும் ஒன்றுதானா என்பது அப்போதுதான் தெரியும். இன்னொன்றும் செய்யுங்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. இரவு இரண்டு மணிக்கு அவசர மணியை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு இடத்தில் பதினோரு நிமிடம் கழித்துக் காவலாளி வந்து "என்னங்கம்மா, தெரியாம அமுக்கிட்டீங்களா" என்றார். இப்போது அப்பச்சி இருக்கும் இடத்தில் மூன்றாவது நிமிடம் செவிலியர், கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு. மன்னிப்புக் கேட்டு உண்மையைச் சொன்னேன், "நிறைய பேர் பண்றாங்க மேடம்" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகவே அங்கே சேர்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், பெரியவர் தன் வீட்டை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி, அதற்குப் பதில் மகன் மாதக் கட்டணம் கட்டுவதாக ஏற்பாடு, பிற்பாடு மகன் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 2007ம் வருட முதியோர் நலச் சட்டத்தின் 23ம் பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிக்காவிட்டால், தீர்ப்பாயம் அந்த எழுத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள், வாய்ப்பேச்சாக விட்டால் பிறகு இழுபறி. உடனே யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் முதியோர் உதவி எண் 14567.

இன்னொருவர் கேட்டது, ஊருக்குப் போகும் நாட்களில் சாப்பாட்டுக் கட்டணம் கழிப்பார்களா என்று. எனக்கு இது தோன்றவே இல்லை, பொங்கலுக்குப் போய்வந்த பிறகு பில்லைப் பார்த்துத்தான் விசாரித்தேன். எங்கள் இடத்தில் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் இல்லாவிட்டால்தான் கழிவு. அதனால் இப்போதெல்லாம் ஆத்தா ஊருக்கு வந்தால் எட்டு நாள்தான், ஒரு நாள் குறைவதில்லை.