பூங்காக் குளத்தைத் தெருவாரே பேணும் முறை

வேலூரில் கத்திரி வெயிலில் குளம் வற்றும்போதே பணியைத் தொடங்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தபின் சேற்றில் இறங்க இயலாது. மாநகராட்சியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றதும், முதலில் குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் நெடுகிலும் நடந்து பாருங்கள்: குளத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அதில் கழிவுநீர்க் குழாய் ஒன்றேனும் கலந்திருந்தால், அதைத் துண்டிக்காமல் தூர்வாருவது வீண். ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்து, கரைக்கு அப்பால் கொண்டுசென்று உலர்த்துங்கள். நீரோரத்தில் விட்டால் மழையோடு திரும்பிச் சென்று மீண்டும் பெருகும்.

கரைக்குச் சிமெண்ட் பூசும் யோசனை எழுந்தால், அன்புகூர்ந்து மறுத்துவிடுங்கள். தவளையும் நீர்க்கோழியும் ஏறியிறங்கச் சரிவான மண்கரையே தேவை. அதில் வெட்டிவேர் நட்டால் மண் அரிக்காது. நடைப்பயிற்சிக்கு வருவோரையும் காவலாளியையும் கலந்து பேசிய பிறகே எந்த மாற்றத்தையும் முடிவு செய்யுங்கள்.