அக்குள் வியர்வை அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்குளில் அளவுக்கு மீறி வியர்ப்பவர்களுக்கு, வியர்வைச் சுரப்பிகளைத் தோலின் அடிப்புறத்திலிருந்து சுரண்டியோ உறிஞ்சியோ அகற்றும் அறுவை சிகிச்சையில் வெளியே தெரியும் வெட்டு மிகச் சிறியதாகவே இருக்கும். அதைப் பார்த்து, காயமும் அவ்வளவுதான் என்று எண்ணிவிடுவதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் பிறக்கின்றன. முடி வளரும் பரப்பு முழுவதிலும் தோல் அடியிலுள்ள திசுவிலிருந்து பிரிக்கப்பட்டு, உட்பக்கம் மெலிந்து, குறைந்த இரத்த ஓட்டத்துடன் இருக்கிறது. அந்தத் தோல் மீண்டும் அடித்திசுவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்குள் அது நகர்ந்தால் இடைவெளி உண்டாகி, அங்கே இரத்தமோ நிணநீரோ தேங்கும். தேக்கம் நீடித்தால் மேல்தோல் கறுத்து அழுகவும் கூடும்.

தோலை நகர்த்துவது கைதான். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லும்போது எல்லோரும் தலையசைக்கிறார்கள். ஆனால், வீட்டுக்கு வந்தபின் கை உயர்வது பழக்கத்தால், யோசிக்காமலே நடந்துவிடுகிறது. தலைவழியாகப் பனியனைக் கழற்றுவது, முதுகுப்பக்கம் கொக்கி மாட்டுவது, கொடியில் துணி போடுவது, மேல் அலமாரியில் டப்பாவை எடுப்பது, இரு கைகளாலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது ஆகிய ஒவ்வொன்றிலும் அக்குள் தோல் இழுபடுகிறது. படுக்கையிலிருந்து உள்ளங்கையை ஊன்றி எழுவதும் அப்படித்தான். கால்களைக் கீழே தொங்கவிட்டு, உடலை முன்னே சாய்த்து எழுவது நல்லது. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டைகளை எடுத்துவைத்துவிட்டு, அன்றாடம் தேவைப்படும் பொருள்களை அறுவை சிகிச்சைக்கு முன்பே இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இந்தக் கட்டுப்பாடு பொதுவாக முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குக் கடுமையாக இருக்கும்; பாரம் தூக்குதலும் உடற்பயிற்சியும் அதற்குப் பின்னும் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். செய்யப்பட்ட முறையைப் பொறுத்துக் காலம் மாறும் என்பதால், உங்கள் மருத்துவர் சொன்ன கணக்கே கணக்கு.

பயந்துபோய்க் கையை உடலோடு ஒட்டிவைத்து அசைக்காமலே இருப்பதும் தவறு. தோள்மூட்டு இறுகிப்போகும், வடு சுருங்கும்போது கையை விரிப்பதே கடினமாகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே அசைக்கலாம். தோளுக்கான பயிற்சியை மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து மெல்லத் தொடங்க வேண்டும்.

அக்குளில் அழுந்தியிருக்கும் கட்டு பலருக்கும் எரிச்சலூட்டுகிறது. அதைக் காயத்தை மூடும் துணி என்று மட்டும் எண்ணி, அரிக்கிறது என்று தளர்த்துபவர்கள் உண்டு. தோலை அடித்திசுவோடு சேர்த்துப் பிடித்திருப்பதே அதன் முதன்மையான வேலை என்பதால், குறித்த நாளுக்கு முன் அவிழ்க்கக் கூடாது. நனைந்தாலோ நழுவினாலோ மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். ஆனால், விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ கட்டு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்று பொருள்; அப்போது உடனே அழைக்க வேண்டும்.

வலிக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது இரத்தக்கசிவைக் கூட்டலாம். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. புகைபிடித்தல் சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே மெலிந்திருக்கும் தோலுக்கு வரும் இரத்தத்தையும் குறைக்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் மன்னிக்கவே முடியாத தவறு இதுதான். ஒத்தடமும் கவனத்துக்குரியது. அக்குள் தோல் சில மாதங்கள் மரத்திருக்கலாம் என்பதால், வெந்நீர்ப்பையின் சூடும் பனிக்கட்டியின் குளிரும் உறைக்காமலே தோல் புண்ணாகிவிடும். அதே காரணத்தால் சவரக்கத்தி கீறியதும் தெரியாது. தோல் முழுமையாக ஆறும்வரை சவரம், முடிநீக்கும் களிம்பு, டியோடரண்ட், பவுடர் எதுவும் வேண்டாம்.

ஓரளவு வீக்கமும் கன்றிய நிறமும் இயல்பானவை. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பந்துபோல் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். சிவப்பு பரவுதல், சீழ், 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் ஆகியவை கிருமித் தொற்றைக் காட்டலாம். அடுத்த பரிசோதனை நாள்வரை இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது.

சிலருக்கு அக்குளைத் தொடாமல், மார்பில் சிறு துளைகளிட்டு, வியர்வையைத் தூண்டும் பரிவு நரம்பைத் துண்டிக்கும் முறை செய்யப்பட்டிருக்கும். அவர்களுக்கு மூச்சுத்திணறலோ புதிய நெஞ்சுவலியோ வந்தால், வாயு என்று ஒதுக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம். ஒரு கண்ணிமை தொங்குவதும் சொல்ல வேண்டிய அறிகுறியே. முதுகு, வயிறு, தொடைகளில் புதிதாக வியர்ப்பது இம்முறையின் அறியப்பட்ட பக்கவிளைவு. அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதால் பயனில்லை.

சுரப்பிகளை அகற்றிக்கொண்டவர்கள், கட்டைப் பிரித்ததும் லேசாக ஈரம் தெரிந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். ஓரங்களில் சில சுரப்பிகள் எஞ்சியே இருக்கும். வியர்வை குறைவதுதான் நோக்கம், அடியோடு நிற்பதன்று. வீக்கம் வடிந்து வடு இளகச் சில மாதங்கள் ஆகும் என்பதால், பலனை அதன் பிறகே மருத்துவரோடு சேர்ந்து மதிப்பிட முடியும்.