திரைப்படத்தையும் நாடகத்தையும் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது எப்படி

திரைப்படங்களைப் பற்றி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் தமிழருக்கு ஒரு வசதியும், அதே வசதியால் வரும் ஒரு தொல்லையும் உண்டு. ஹீரோ, வில்லன், டயலாக், க்ளைமாக்ஸ், ஷூட்டிங், தியேட்டர் என்று தேவையான சொற்களில் பாதி ஏற்கெனவே நம் நாவில் புழங்குகின்றன. ஆனால் அவை தமிழுக்குள் வந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டதால், தமிழில் ஒரு பொருளும் ஆங்கிலத்தில் வேறொரு பொருளுமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆகவே புதிய சொற்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், கையில் இருக்கும் சொற்களைச் சரிபார்த்துக்கொள்வதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

தெரிந்த சொற்களைச் சரிபார்த்தல்

"நேற்று தியேட்டருக்குப் போனேன்" என்று சொல்ல நினைத்து, "ஐ வென்ட் டு த தியேட்டர்" என்று ஒரு பிரிட்டிஷ் நண்பரிடம் நான் ஒருமுறை சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, என்ன நாடகம், யார் எழுதியது, யார் நடித்தார்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்கத் தொடங்கிவிட்டார். நான் பார்த்ததோ ஒரு சண்டைப்படம். கலையைப் பற்றிய பேச்சில் பிரிட்டிஷ்காரர்களுக்குத் 'தியேட்டர்' என்றால் நாடக அரங்கம்தான். படம் பார்க்கும் இடத்தை அவர்கள் 'சினிமா' என்பார்கள். எனவே "ஐ வென்ட் டு த சினிமா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்கர்கள் அந்தக் கட்டடத்தை 'மூவி தியேட்டர்' என்று சொன்னாலும், பேச்சில் "ஐ வென்ட் டு த மூவீஸ்" என்பதே அவர்களுக்கு இயல்பு. எழுதும்போது பிரிட்டிஷ் வழக்கில் இந்தச் சொல் ஆர்-ஈ என்றும், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஈ-ஆர் என்றும் முடியும்.

'சினிமா' என்ற சொல்லுக்குக் கலை, தொழில் என்ற பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் ஒரு படத்தை "எ சினிமா" என்று சொல்ல முடியாது. ஒரு படத்துக்கு பிரிட்டிஷ் வழக்கில் 'ஃபில்ம்', அமெரிக்க வழக்கில் 'மூவி' என்று வைத்துக்கொள்ளலாம். எங்கே சொன்னாலும் இரண்டும் புரியும். அதேபோல, மேடையில் பார்த்ததை "ஐ சா எ ட்ராமா" என்று சொல்வதைவிட "ஐ சா எ ப்ளே" என்பதே சரியாகப் பொருந்தும். 'ட்ராமா' என்பது நாடகக் கலையையோ, சிரிப்புக்காக எழுதப்படாத கனமான கதை என்ற வகையையோ குறிக்கும். அதனால்தான் ஒரு திரைப்படத்தையும் 'ட்ராமா' என்கிறார்கள்.

'ஷூட்டிங்' இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சொல். "தேர் வாஸ் எ ஷூட்டிங் நியர் மை ஹவுஸ்" என்று சொன்னால், கேட்பவர் வீட்டருகே துப்பாக்கிச் சூடு நடந்ததாகவே எடுத்துக்கொண்டு, யாருக்கும் காயம் இல்லையே என்று பதறுவார். "தே வேர் ஃபில்மிங் நியர் மை ஹவுஸ்" என்றால் குழப்பம் இல்லை.

கலைஞர்களைக் குறிக்கும் சொற்களிலும் நாம் சற்று விலகியே இருக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹீரோ' என்பதில் வீரம், உயர்ந்த குணம் என்ற சாயல் உண்டு. முதன்மை வேடத்தைக் குறிக்க 'லீட்' என்ற சொல் போதும், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். "ஷி ப்ளேஸ் த லீட்" என்றால் அவர்தான் கதையின் நாயகி. 'காமெடியன்' என்று சொன்னால் மேடையில் தனியாக நின்று சிரிக்க வைக்கும் தொழிற்கலைஞரே முதலில் நினைவுக்கு வருவார். படத்தில் நகைச்சுவை வேடம் ஏற்பவரைக் 'காமிக் ஆக்டர்' என்பது தெளிவாக இருக்கும். 'ஆர்டிஸ்ட்' என்றால் பெரும்பாலும் ஓவியர் என்றே நினைப்பார்கள். நாம் 'ஜூனியர் ஆர்டிஸ்ட்' என்பவர் அங்கே 'எக்ஸ்ட்ரா' அல்லது 'பேக்ரவுண்ட் ஆக்டர்'. 'டப்பிங் ஆர்டிஸ்ட்' என்பவர் 'வாய்ஸ் ஆக்டர்'. நாம் 'கேமராமேன்' என்று சுருக்கமாகச் சொல்லிவிடும் ஒளிப்பதிவாளர், ஒரு படத்தின் ஒளியையும் நிழலையும் தீர்மானிப்பவர். அவரைச் 'சினிமட்டோகிராஃபர்' என்றோ 'டைரக்டர் ஆஃப் ஃபோட்டோகிராஃபி' என்றோ சொல்வதே அவர் வேலைக்கு நாம் தரும் மரியாதை.

'க்ளைமாக்ஸ்' நம் பேச்சில் படத்தின் கடைசிப் பகுதி. ஆங்கிலத்தில் அது கதையின் இறுக்கம் உச்சத்தைத் தொடும் இடம். அதற்குப் பின்னாலும் கதை சிறிது நகர்ந்து அடங்கலாம். முடிவு பிடித்திருந்தது என்று சொல்ல விரும்பினால் 'எண்டிங்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். நினைவில் நின்ற ஒரு வசனத்தை 'எ டயலாக்' என்று சொல்லாமல் 'எ லைன்' என்று சொல்லுங்கள். 'டயலாக்' என்பது பாத்திரங்களுக்கு இடையே நடக்கும் உரையாடல் முழுவதையும் குறிக்கும். நாம் 'பிஜிஎம்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்று பெயர். பாடல்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'சவுண்ட்ட்ராக்' என்பது பொருந்தும். இடைவேளை பிரிட்டிஷ் வழக்கில் 'இன்டர்வெல்', அமெரிக்க வழக்கில் 'இன்டர்மிஷன்'.

வினைச்சொற்களே வாக்கியத்தைத் தாங்குகின்றன

சொல்வளம் என்றால் பெயர்ச்சொற்கள் என்றே பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் பேச்சு தடுமாறுவது பெரும்பாலும் வினைச்சொல்லிலும் அதை ஒட்டி வரும் சிறு சொல்லிலும்தான். "அவர் டாக்டராக நடித்தார்" என்பதை "ஹீ ஆக்டட் அஸ் எ டாக்டர்" என்று மாற்றினால், அவர் மருத்துவரைப்போல ஏமாற்றினார் என்றோ, அந்தப் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றார் என்றோ பொருள்படக்கூடும். வேடத்தைச் சொல்லும்போது 'ப்ளே' என்ற வினையே வேண்டும்: "ஹீ ப்ளேட் எ டாக்டர்". நடிப்பின் திறமையையோ படங்களின் எண்ணிக்கையையோ பேசும்போது 'ஆக்ட்' சரியாகப் பொருந்தும்.

'ஸ்டார்' என்ற சொல்லை வினையாகவும் பழகிக்கொள்ளுங்கள். "ஷி ஸ்டார்ஸ் இன் த ஃபில்ம்" என்றாலும், படத்தை எழுவாயாக்கி, அதன் பிறகு 'ஸ்டார்ஸ்' என்று சொல்லி நடிகரின் பெயரைச் சேர்த்தாலும் சரியே. நடிகர்கள் அனைவரையும் ஒன்றாகக் குறிக்கும் சொல் 'காஸ்ட்'. வேடத்துக்குப் பொருந்தாதவரைப் போட்டுவிட்டார்கள் என்ற ஒரு முழு வாக்கியத்தை 'மிஸ்காஸ்ட்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

அடுத்து நான்கு சொற்சேர்க்கைகள்: 'செட் இன்', 'ஷாட் இன்', 'பேஸ்ட் ஆன்', 'டைரக்டட் பை'. முதல் இரண்டையும் பலர் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். கதை எங்கே, எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதற்கு 'செட் இன்'. கேமராவை எங்கே வைத்துப் படம்பிடித்தார்கள் என்பதற்கு 'ஷாட் இன்'. ஒரு நாட்டில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையை வேறொரு நாட்டில் எடுப்பது சாதாரணம் என்பதால், இந்த வேறுபாடு உண்மையிலேயே உதவும். நாவலைத் தழுவிய படத்துக்கு 'பேஸ்ட் ஆன் எ நாவல்' என்று வரும். இங்கே 'ஆன்' என்பதை விட்டுவிடக் கூடாது.

கதையைச் சுருக்கிச் சொல்லும்போது ஆங்கிலத்தில் நிகழ்காலமே வழக்கம். படம் பார்த்தது நேற்றாக இருந்தாலும், கதைக்குள் நாயகி வீட்டை விட்டு வெளியேறுவது 'ஷி லீவ்ஸ் ஹோம்' என்றுதான் வரும். தமிழிலும் நாம் "அவள் வீட்டை விட்டுப் போகிறாள், வழியில் ஒரு கிழவரைச் சந்திக்கிறாள்" என்றே கதை சொல்வதால், இந்தப் பழக்கம் நமக்கு எளிதில் கைவரும்.

கருத்தைச் சொல்லுதல்

'சூப்பர்', 'போர்' என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுவதுதான் பெரும்பாலோரின் குறை. அதிலும் 'போர்' ஒரு கண்ணியை வைத்திருக்கிறது. படம் அலுப்பூட்டியது என்றால் "த ஃபில்ம் வாஸ் போரிங்". எனக்கு அலுப்பாக இருந்தது என்றால் "ஐ வாஸ் போர்ட்". இதை மாற்றி "ஐ வாஸ் போரிங்" என்று சொன்னால், நானே பிறரை அலுப்படையச் செய்பவன் என்று ஆகிவிடும். உணர்வை ஊட்டுவது '-இங்' என்றும், உணர்வை அடைவது '-எட்' என்றும் முடியும். 'மூவிங்', 'மூவ்ட்', 'கன்ஃப்யூசிங்', 'கன்ஃப்யூஸ்ட்' எல்லாம் இதே கணக்கில் அடங்கும்.

'சென்டிமென்ட்' மற்றொரு சிக்கல். தமிழில் "சென்டிமென்ட் நன்றாக இருந்தது" என்பது பாராட்டு. ஆங்கிலத்தில் 'சென்டிமென்டல்' என்ற அடைமொழி, உணர்ச்சியை அளவுக்கு மீறிப் பிழிந்துவிட்டார்கள் என்ற குறையைப் பெரும்பாலும் சுமந்திருக்கிறது. மனத்தைத் தொட்டது என்று சொல்ல 'மூவிங்' அல்லது 'டச்சிங்' போதும். "படம் இரண்டாம் பாதியில் லேக்" என்பதற்கு "த செகண்ட் ஹாஃப் ட்ராக்ஸ்" என்று சொல்ல வேண்டும். மெதுவாக நகர்ந்தாலும் அந்த மெதுவே படத்துக்கு வலிமை சேர்த்தது என்றால் 'ஸ்லோ-பர்னிங்' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. கண்ணெடுக்க விடாத படம் 'க்ரிப்பிங்', அடுத்து நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய படம் 'ப்ரிடிக்டபிள்', நம்ப முடியாத கதை 'ஃபார்-ஃபெட்ச்ட்', காரணகாரியத்தில் விழும் ஓட்டை 'ப்ளாட் ஹோல்'.

நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது மிகை நடிப்புக்கு 'ஓவர் த டாப்', உயிரில்லாத நடிப்புக்கு 'வுடன்', அடக்கமாக நடித்து ஆழமாகத் தைப்பதற்கு 'அண்டர்ஸ்டேட்டட்'. சிறு வேடத்தில் வந்து எல்லோரையும் தன் பக்கம் ஈர்த்துவிட்ட நடிகரைப் பற்றி "ஷி ஸ்டோல் த ஷோ" என்பார்கள். 'பாம்' என்ற சொல்லை மட்டும் இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள்: "த ஃபில்ம் பாம்ப்ட்" என்றால் படம் படுதோல்வி, ஆனால் பிரிட்டிஷ் பேச்சில் ஒன்று 'வென்ட் டவுன் எ பாம்' என்றால் அமோக வரவேற்பு.

மேடையின் சொற்கள்

நாடகச் சொற்கள் நமக்குக் குறைவாகவே பழக்கம். ஆனால் அன்றாட ஆங்கிலத்துக்குள் அவை ஆழமாகப் பரவியிருப்பதால், கற்பதில் இரட்டைப் பயன் உண்டு. 1837-ஆம் ஆண்டில் லண்டனின் கோவென்ட் கார்டன் நாடக அரங்கில், சுண்ணாம்பைக் கடும் வெப்பத்தில் ஒளிரச் செய்து மேடைக்கு வெளிச்சம் பாய்ச்சினார்கள். சுண்ணாம்புக்கு ஆங்கிலத்தில் 'லைம்' என்று பெயர். அந்த விளக்கு மறைந்த பிறகும், புகழின் வெளிச்சத்தில் நிற்பவரை 'இன் த லைம்லைட்' என்று சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது. பழைய மேடைகள் பார்வையாளரை நோக்கிச் சரிந்திருந்ததால், பின்பகுதி 'அப்ஸ்டேஜ்', முன்பகுதி 'டவுன்ஸ்டேஜ்' ஆயின. பின்னால் நிற்கும் நடிகரைப் பார்த்துப் பேச, முன்னால் இருப்பவர் பார்வையாளருக்கு முதுகைக் காட்ட நேரும். அதிலிருந்து, ஒருவரைப் பின்னுக்குத் தள்ளிக் கவனத்தைத் தன்மீது திருப்புவதற்கு 'டு அப்ஸ்டேஜ் சம்ஒன்' என்ற பொருள் பிறந்தது. 'ஸ்டேஜ் லெஃப்ட்' என்பது, பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடப்பக்கம் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

மேடையின் இருபுறமும் நடிகர்கள் மறைந்து காத்திருக்கும் இடம் 'விங்ஸ்'. மேடையில் பயன்படும் பொருள்கள் 'ப்ராப்ஸ்'. முதன்மை நடிகரால் வர இயலாதபோது அவருக்குப் பதிலாக நடிக்க, வேடத்தை முழுதும் கற்று வைத்திருப்பவர் 'அண்டர்ஸ்டடி'. திரைப்படத்துக்கு இப்படி ஒருவர் தேவைப்படாததால் இந்தச் சொல் நாடகத்துக்கே உரியது. ஒப்பனை, உடை எல்லாம் அணிந்து நடத்தும் கடைசி ஒத்திகை 'ட்ரெஸ் ரிஹர்சல்', முடிவில் நடிகர்கள் வரிசையாக வந்து வணங்குவது 'கர்டன் கால்'. மேடையேறப்போகும் நடிகரிடம் 'குட் லக்' என்று சொல்வதை அபசகுனமாகக் கருதுகிறவர்கள் உண்டு. "ப்ரேக் எ லெக்" என்பதுதான் அங்கே வாழ்த்து; கேட்டால் தயங்காமல் நன்றி சொல்லுங்கள். நாடக ஆசிரியர் 'ப்ளேரைட்'. இதன் பின்பாதி, எழுதுவதைக் குறிக்கும் 'ரைட்' இல்லை. செய்பவர், கட்டுபவர் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல். எழுத்துக்கூட்டலில் அதிகம் தவறு நேர்வது இங்கேதான். விருதுகளைப் பேசும்போது ஆஸ்கர் திரைப்படத்துக்கு, 1947-இல் தொடங்கிய டோனி நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கு என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உச்சரிப்பில் மூன்று சொற்களைத் திருத்திக்கொண்டால் பெரிய வேறுபாடு தெரியும். படத்தின் வகையைக் குறிக்கும் சொல்லை 'ஜானர்' என்று சொல்கிறோம். அது 'ஷான்ரா' என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும். முதல் படத்தில் அறிமுகமாவது 'டெபுட்' என்று ஒலிக்காது, 'டேபியூ' என்று ஒலிக்கும். 'ஃபிலிம்' என்று இரண்டு அசையாக நீட்டாமல் 'ஃபில்ம்' என்று ஒரே அசையில் முடியுங்கள்.

ஐந்து வாக்கியப் பயிற்சி

இவ்வளவையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவருக்குப் பிரிக்கப்படாத கடிதக்கட்டு ஒன்று கிடைக்கிறது என்பது கதை. முதல் வாக்கியத்தில் வகையையும் களத்தையும் சொல்லுங்கள்: "இட்ஸ் எ ஸ்லோ-பர்னிங் ட்ராமா செட் இன் எ ஃபிஷிங் வில்லேஜ்." இரண்டாவதில் கதையை நிகழ்காலத்தில் தொடுங்கள்: "இட் டெல்ஸ் த ஸ்டோரி ஆஃப் எ லைட்ஹவுஸ் கீப்பர் ஹூ ஃபைண்ட்ஸ் எ பண்டில் ஆஃப் அன்ஓபன்ட் லெட்டர்ஸ்." மூன்றாவது நடிப்புக்கு: "த லீட் கிவ்ஸ் எ பியூட்டிஃபுலி அண்டர்ஸ்டேட்டட் பெர்ஃபார்மன்ஸ்." நான்காவதில் குறையையும் நிறையையும் ஒன்றாக வையுங்கள்: "த செகண்ட் ஹாஃப் ட்ராக்ஸ் எ லிட்டில், பட் த எண்டிங் இஸ் டீப்லி மூவிங்." எதிரில் இருப்பவர் அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று கேட்கும் நேரத்தில், ஐந்தாவது வாக்கியம் கைகொடுக்கும்: "ஐ வோன்ட் ஸ்பாய்ல் இட் ஃபார் யூ."

அடுத்து நீங்கள் பார்க்கும் படத்துக்கு இதே ஐந்து வாக்கியங்களை எழுதி, தாளைப் பார்க்காமல் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது 'சூப்பர்' என்றோ 'போர்' என்றோ வாய் தவறி வந்த இடத்தில் நிறுத்தி, அங்கே உண்மையில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள்.