நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை

ஹெர்னியாவைத் தமிழில் குடலிறக்கம் என்கிறோம். ஹையாட்டல் ஹெர்னியாவில் இறங்குவது ஒன்றுமில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை தளர்ந்து, இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிவிடுகிறது. பாலக்காட்டுப் பக்கம் அறுவைச் சிகிச்சை பழகும் இளம் மருத்துவர்களுக்காக, நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

நெஞ்செரிச்சல் உண்டா என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த 76 வயது ஆத்தாவுக்கு எரிச்சலே இல்லை. இரண்டு இட்லியில் வயிறு அடைத்துவிடும். சாப்பிட்டபின் குனிந்து வாசல் பெருக்கினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 7. ஓர் ஆண்டாக விழுங்கிய இரும்புச்சத்து மாத்திரைக்கு அது அசையவில்லை. உதரவிதான விளிம்பில் உரசி உரசி இரைப்பையின் உட்சுவரில் கோடுகோடாகப் புண் விழும். அதில் கசியும் ரத்தம் கண்ணில் படாது. இருந்தாலும் ரத்தம் அங்கிருந்தும் கசியலாம் என்பதால் பெருங்குடலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுங்கள். இதய நிழலுக்குப் பின்னால் ஒரு காற்றுக் குமிழி, அதன் அடியில் டம்ளரில் நீர் நிற்பதுபோல் ஒரு நேர்கோடு. அதுதான் இரைப்பை. பிறகு எண்டோஸ்கோப்பி, பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே, சி.டி. கடும் மேல்வயிற்று வலி, ஓங்கரித்தும் வாந்தி வராமை, மூக்குவழிக் குழாய் இரைப்பைக்குள் இறங்காமை ஆகிய மூன்றும் 1904இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் போர்ஷார்ட் சொன்னவை. சேர்ந்து வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது, அன்றே செயல்படுங்கள்.

தொந்தரவே இல்லாதவரை ஸ்கேனைக் காட்டிப் பயமுறுத்தி மேசையில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. அவதிப்படுபவரை வயதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் அப்படியே. இதயமும் நுரையீரலும் மயக்கமருந்தைத் தாங்குமா என்று பாருங்கள்.

லேப்ராஸ்கோப்பியில் இரைப்பையைப் பிடித்து இழுத்தால் கிழியும். ஏறிய இரைப்பையைச் சூழ்ந்த சவ்வான ஹெர்னியாப் பையைத் துளையின் விளிம்பிலிருந்து பிரித்து இறக்குங்கள்; இரைப்பை கூடவே வரும். உணவுக்குழாய் 2 முதல் 3 செ.மீ. இழுவையின்றி வயிற்றுக்குள் நிற்க வேண்டும். துளையைத் தைத்துச் சுருக்கியபின், இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தையுங்கள். முதியவர்களுக்கு நான் 270 பாகை டூபே மடிப்பையே போடுகிறேன். முழுச் சுற்றான நிஸ்ஸனில் விழுங்கத் திணறுபவர்கள் அதிகம். துளையை வலுப்படுத்தும் வலையான மெஷ் வழக்கமாக வைப்பதில்லை. அதில் என்னோடு சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. மிகத் தளர்ந்தவருக்கு இரைப்பையை வயிற்றின் முன்சுவரோடு தைத்து நிறுத்தினாலே போதும்.

முதல் நாளிலிருந்தே குமட்டலை மருந்தால் அடக்குங்கள். பலத்த ஓங்கரிப்பு தையலை அறுத்துவிடும். நான்கு வாரம் கஞ்சி, குழைந்த சோறு. பாரம் தூக்கக் கூடாது. ஆத்தாவிடம் தேங்காய் மூட்டையைத் தொடாதீர்கள் என்று அழுத்திச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வாரம் விசாரித்தால் இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமந்திருக்கிறார். குடத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, கண்ணு என்றார்.