ஊர் ரயில் நிலையத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

காவிரிப் படுகையிலிருந்து சீசன் டிக்கெட்டுடன் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தினமும் வேலைக்குப் போய்வருபவரிடம், அவர் ஏறும் நிலையம் எப்போது வந்தது என்று கேட்டால், "வெள்ளைக்காரன் காலத்தது" என்று முடித்துக்கொள்வார். அதற்கு மேல் எழுத விரும்புபவர், பாதை வந்த ஆண்டு, இன்றைய கட்டடம் எழுந்த ஆண்டு, கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) மாறிய ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும்; பெரும்பாலான பிழைகள் இவற்றை ஒன்றாகக் குழப்புவதால்தான் நேர்கின்றன.

முதலில் பாதையைப் பாருங்கள். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861-இலும், திருச்சி வரை 1862-இலும் ரயில் விட்டது. அது அகலப் பாதை. 1874-இல் அக்கம்பெனி இணைப்பின் மூலம் தென்னிந்திய ரயில்வே ஆனது. அந்தப் பத்தாண்டிலேயே பாதை மீட்டர் கேஜாகச் சுருங்கி, 1990-களிலிருந்து மீண்டும் அகலமானது. ஆகவே, "கேஜ் மாற்றியபோது" என்று ஒரு பெரியவர் சொன்னால், அவர் கண்டது இரண்டாவது மாற்றத்தை மட்டுமே.

அடுத்து, பாதை யாருடைய பணத்தில் வந்தது என்று கேளுங்கள். மயிலாடுதுறை–முத்துப்பேட்டை தடம் 1894-இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் (அக்கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பின்) முயற்சியில் வந்தது என்பதால், அத்தடத்து ஊர்க்காரர் ரயில்வே ஆவணங்களோடு போர்டு ஆவணங்களையும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். தேடும்போது மயிலாடுதுறையை மாயவரம், மாயூரம் என்ற பெயர்களிலும் பாருங்கள்; இன்றைய பெயர் 1982-இல்தான் வந்தது.

பிறகு நிலைய மேலாளரிடம் அனுமதி பெற்று, தண்டவாளத்தில் இறங்காமல், நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள். பழைய பெஞ்சிலோ அலமாரியிலோ எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வேயின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்ற எழுத்துகள் இருந்தால், அது தெற்கு ரயில்வே பிறந்த 1951-க்கு முந்தைய பொருளாகவே இருக்கும். வேலிக் கம்பமாக நட்ட பழைய தண்டவாளத் துண்டை விட்டுவிடாதீர்கள். துருவைத் துணியால் துடைத்து, காலை வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால், அதன் பக்கவாட்டில் அதைச் செய்த ஆலையின் பெயரும் உருட்டித் தயாரித்த ஆண்டும் புடைத்துத் தெரியக்கூடும். (எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம்.) ஆனால் அந்த ஆண்டை நிலையத்தின் ஆண்டாக எழுதிவிடக் கூடாது, வேறு தடத்தில் தேய்ந்து கழிந்த தண்டவாளமும் இங்கே வேலியாகியிருக்கலாம். கண்ட இடத்தையும் நாளையும் சேர்த்துப் படம் எடுத்து, "வேலியில் உள்ளது" என்றே பதியுங்கள்.