புதுப் பேடு போட்டும் பிரேக் கீச்சிடுகிறதா? காலிபர் பின்னைக் கழற்றிப் பாருங்கள்

பிரேக் கீச்சிடுகிறது என்று பணிமனையில் போய்ச் சொன்னால் கிடைக்கும் முதல் பதில், "பேடு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பதுதான். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் உராய்வுத் துண்டுதான் பேடு. என் காருக்கும் மாற்றினார்கள். கொஞ்ச நாள் அமைதி; பிறகு இடது முன்சக்கரத்தில் மறுபடியும் அதே கீச்சு. நானே கழற்றிப் பார்த்தபோது, புதுப் பேடுகளில் உள்பக்கத்தது மட்டும் தேய்ந்திருந்தது. பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிபர் முன்னும் பின்னும் நகர்வதற்கென்று இருக்கும் இரண்டு பின்களில் (இரும்புத் தண்டுகளில்) ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. அதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்திலேயே ஓடும் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். உப்புக் காற்று போதாதென்று மழையும் நமக்கு இரண்டு முறை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நீளமான மதில் ஓரமாக மெதுவாக ஓட்டி பிரேக்கை மிதியுங்கள். மதிலில் பட்டுத் திரும்பும் ஒலி எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும்.

காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் கரகரத்துவிட்டு நின்றால், அது இரவு ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. விட்டுவிடுங்கள். மிதிக்கும்போதெல்லாம் கீச்சிட்டால் பேடு அதிர்கிறது என்று பொருள். அல்லது பேடு தேய்ந்ததை அறிவிக்கும் சிறு தகட்டு நாக்கு டிஸ்க்கில் உரசுகிறது. இரும்பை இரும்பு சீவுகிற சத்தம் என்றால் பேடு முழுவதும் தீர்ந்துவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

பிரேக்கைத் தொடாதபோதும் ஓயாமல் உரசினால், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தூசித் தகட்டில் சரளைக்கல் சிக்கியிருக்கலாம். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டச் சாலைகளில் ஏறி இறங்கிய வண்டிக்கு இது வழக்கம். ஸ்க்ரூடிரைவரால் தகட்டைக் கொஞ்சம் நெம்பினால் கல் விழுந்துவிடும்.

கருவிகள்

12, 14 அளவு ரிங் ஸ்பேனர், கம்பி பிரஷ், சி கிளாம்ப், பிரேக் கிளீனர் ஸ்பிரே, முகக்கவசம். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். வண்டியோடு தரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். காலிபரில் கைவைப்பதற்கு முன் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டைக் கீழே வைத்தே ஆகவேண்டும்.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. அதன் எண்ணெய்ப் பசை பேடில் ஏறினால் அந்தப் பேடு குப்பைக்குத்தான். பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவும் வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு.

முக்கியமானது கிரீஸ். சிலிக்கோன் பிரேக் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சாதாரண கிரீஸை நீட்டி "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பின்னின் ரப்பர் உறை உப்பிவிடும். அதற்குப் பிறகு பின் முன்பைவிட மோசமாக இறுகும்.

கழற்றுதல்

சக்கரம் கழற்றத் தெரியாதவர்கள் அதைப் பழகிவிட்டு வாருங்கள். மலைச்சாலையில் இறங்கி வந்த கையோடு தொடங்க வேண்டாம், டிஸ்க் ஆறட்டும். அதன் மேல் தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

சக்கரம் வந்ததும் காலிபரின் பின்புறம் இரண்டு போல்ட்டுகள் தெரியும். இரண்டையும் கழற்றிக் காலிபரைத் தூக்கி, ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் குழாயில் தொங்கவிட்டால் குழாய் கெட்டுவிடும்.

இரண்டு பேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டும்தான். "பேடு நன்றாக இருக்கிறதே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தாலோ, ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, அடுத்த படிதான் உங்கள் மருந்து.

பின்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

பின்னை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். நகர மறுத்தால் முறுக்கி முறுக்கி வெளியே இழுங்கள்.

மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோலத் தெரியும். பல கார்களில் அப்படி இல்லை. ஒன்றின் நுனியில் சிறு ரப்பர் வளையம் இருக்கும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் சத்தம் திரும்பவும் வரும்.

பழைய கிரீஸைக் கிளீனர் விட்டுத் துடையுங்கள். துளைக்குள் கம்பியை விட்டுக் கீறாமல், ஓர் ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி விடுங்கள். அதைவிட நல்ல கருவியை நான் கடையில் பார்த்ததில்லை. பின்னில் துரு குழியாக அரித்திருந்தால் புதியது வாங்குங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் மாற்றுங்கள், அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் நுழையும்.

இனி கிரீஸ். மெல்லிய பூச்சு போதும். அதிகம் அப்பினால் பின்னைத் தள்ளியதும் அது தானாகப் பின்வாங்கி வெளியே வரும். துளைக்குள் கிரீஸும் காற்றும் அடைபட்டு எதிர்த்துத் தள்ளுவதுதான் காரணம். இதைப் பார்த்து ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கூடுதல் கிரீஸை வழித்தெடுங்கள். பின்னை முழுவதும் உள்ளே அழுத்திப் பிடித்தபடி ரப்பர் உறையின் விளிம்பை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். காற்று வெளியேறியதும் பின் அடங்கிவிடும்.

பேடுகள் உட்காரும் கிளிப்புகளையும் எடுத்து, அடியில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேயுங்கள். பேடின் காதுகளிலும் முதுகிலும் துளி கிரீஸ். உராயும் முகத்தில் மறந்தும் வேண்டாம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஆடிக் காற்றில் இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யாதீர்கள். கிரீஸ் தடவிய பின்னில் மணல் ஒட்டினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

பூட்டுதல்

புதுப் பேடு என்றால், காலிபருக்குள் இருந்து பேடை அழுத்தும் உருளையான பிஸ்டனை சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்போது பிரேக் ஆயில் கிண்ணத்தில் அளவு ஏறும். பொங்கி வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் கெட்டுவிடும். நடுவில் போய் ஒருமுறை பாருங்கள்.

பூட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். கெட்டியாகும்வரை மிதித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். பிறகு அதிகாலையில் ஆளில்லாத சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை இடைவெளி விட்டுவிட்டுப் பத்து முறை குறையுங்கள். புதுப் பேடு டிஸ்க்கோடு படிந்துவிடும். மார்த்தாண்டம் நெரிசலில் இது நடக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்த குளச்சல்காரர் ஒருவர், மழை இரவுக்குப் பிறகு வண்டியை எடுக்கும்போது பின்சக்கரத்தில் "டக்" என்று ஒரு சத்தம் வருவதாக எழுதியிருந்தார். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியதால் ஷூ (பின்சக்கரத்தின் உராய்வுத் துண்டு), சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டு, நகரும்போது விடுபடுகிறது. சமதளத்தில் நிறுத்தும்போது முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். சரிவில் ஹேண்ட்பிரேக் போட்டே ஆகவேண்டும்.

டிரம்மைக் கழற்ற முடியவில்லை என்று இன்னொருவர். ஹேண்ட்பிரேக்கை விடுவித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சுத்தியலை ஓங்க வேண்டாம். பல கார்களில் டிரம்மின் முகத்திலேயே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாட்டி மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும்.