முடிவை முதலில் சொல்லுங்கள்: அலுவலக ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேச

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாயில் பாடங்களைப் பயின்று வளர்ந்த ஒருவர், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில்தான் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் இயங்க வேண்டிய நிலையைச் சந்திக்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் வந்து அமர்ந்துவிட்டதால், ஓர் இளம் பொறியாளர் கலிஃபோர்னியாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் மேலாளருடன் இயங்கலையில் பேசுவது இங்கே அன்றாட வேலையாகிவிட்டது. இடைநிலைப்பள்ளியின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள்கூட அந்தக் கூட்டங்களில் வாய் திறக்கத் தயங்குவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களிடம் சொற்கள் இருக்கின்றன, இலக்கணமும் போதிய அளவு இருக்கிறது. ஆனால் எண்ணத்தை எடுத்துவைக்கும் வரிசை மட்டும் தமிழிலேயே நின்றுவிடுகிறது.

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். "இயந்திரம் பழுதாகிவிட்டதாலும், மாற்று உதிரிப்பாகம் இன்னும் வந்து சேராததாலும், வெள்ளிக்கிழமைக்குள் சரக்கை அனுப்ப இயலாது" என்று நாம் சொன்னால், கேட்பவர் அந்த "இயலாது" வரும்வரை பொறுத்திருப்பார். காரணத்தை முதலில் கேட்பதே அவருக்கும் முறையாகத் தோன்றும். இதே வரிசையை ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைத்தால், இரண்டாவது காரணத்தை நாம் தொடங்கும் முன்னரே எதிர்முனையில் இருப்பவர் குறுக்கிட்டு, "சரக்கு போகுமா, போகாதா?" என்று கேட்டுவிடுகிறார். அந்த ஒரு குறுக்கீட்டில் நம் தைரியம் உடைந்து போகிறது. நம் ஆங்கிலம் போதவில்லை என்று முடிவுசெய்து, அடுத்த கூட்டத்தில் பேசாமலே இருந்துவிடுகிறோம்.

ஆகவே கூட்டத்திற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதி, அதன் கடைசிச் சொல்லைக் கோடிட்டு, அந்தச் சொல்லிலிருந்தே ஆங்கில வாக்கியத்தைத் தொடங்குங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், "வீ கேனாட் ஷிப் ஆன் ஃப்ரைடே, வீ வில் ஷிப் ஆன் டியூஸ்டே" என்பது முதலில் வர வேண்டும். அதன் பிறகு காரணங்களை நிதானமாகச் சொல்லலாம். முடிவு தெரிந்துவிட்டதால் இப்போது அவர் பொறுமையாகக் கேட்பார். மறுப்பைச் சொல்லும்போது மாற்று நாளையும் அதே மூச்சில் சொல்லிவிடுவது மிக முக்கியம்.

முடிவை முதலில் சொல்வது வெடுக்கென்று பேசுவதுபோல நம் காதுக்குப் படும், குறிப்பாக வயதில் மூத்தவரிடம். தமிழில் "ங்கள்" சுமக்கும் மரியாதையை ஆங்கிலத்தில் "குட் யூ", "வுட் யூ", "ஐ ஆம் அஃப்ரெய்ட்" போன்ற தொடக்கங்கள் சுமக்கின்றன. இந்த மூன்றையும் நா பழகும்வரை சொல்லிப் பாருங்கள். சக ஊழியர்களிடம் "கேன் லா" என்று பேசுவதை விட்டுவிட வேண்டியதில்லை. அது நம் நாட்டின் பேச்சு, அதற்குரிய இடத்தில் அழகாகவே இருக்கிறது. வெளிநாட்டவரிடம் பேசும்போது மட்டும் அதை ஒதுக்கிவைத்தால் போதும். அவர்களுக்கு எழுதும்போது "ரிவர்ட்" என்பதையும் தவிர்த்து "ரிப்ளை" என்றே எழுதுங்கள். பதில் அளிப்பது என்று நாம் கொள்ளும் சொல்லை அவர்கள் பழைய நிலைக்குத் திரும்புவது என்று படிக்கக்கூடும்.

எதிர்மறைக் கேள்விகளில் தனிக் கவனம் தேவை. என் முதல் வேலையில், "ஹேவன்ட் யூ சென்ட் த ரிப்போர்ட்?" என்று தொலைபேசியில் கேட்கப்பட்டபோது நான் "யெஸ்" என்றேன். "ஆமாம், அனுப்பவில்லை" என்பதே என் பொருள். தமிழிலும் மலாயிலும் அப்படித்தான் பதில் சொல்கிறோம். கேட்டவரோ அறிக்கை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தேடியிருக்கிறார். அன்றிலிருந்து எதிர்மறைக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். "நாட் யெட், ஐ வில் சென்ட் இட் டுநைட்" என்று முழுதாகச் சொன்னால் குழப்பத்திற்கு இடமில்லை.

உச்சரிப்பைப் பற்றிய கவலையில் பெரும்பகுதி வீண் என்பது என் துணிபு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எந்த ஒலிகள் பிசகினால் பொருள் பிசகுகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளில், "திங்க்", "திஸ்" ஆகியவற்றின் முதல் ஒலியை இன்றியமையாதவற்றில் சேர்க்கவில்லை. உயிரொலியின் நீளம், சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளுடன் வெளிவரும் மூச்சு, வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது ஆகியவற்றையே அவர் முதன்மையாகக் கொண்டார். நமக்கு இவற்றுள் அந்த மூச்சுதான் பழக்கமில்லாதது. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்து "பேப்பர்", "டீம்", "காஸ்ட்" என்று சொல்லும்போது காற்று கையில் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் "பேக்" என்பது மூட்டை கட்டுவதா பையா என்று கேட்பவருக்குத் தெரியாது. எண்களில் "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் எப்போதும் மயங்குபவை. எண்ணைச் சொன்ன கையோடு "ஒன் ஃபைவ்" என்று இலக்கங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எதிர்முனையில் இருப்பவர் பேசுவது புரியாதபோது "ரிப்பீட்" செய்யுமாறு கேட்டால், அதே வேகத்தில் அதே சொற்கள்தாம் மறுபடி வரும். புரிந்த பகுதியை நீங்களே சொல்லி, விடுபட்டதை மட்டும் கேளுங்கள்: "யூ வான்ட் த சாம்பிள்ஸ் பை தர்ஸ்டே, ஹவ் மெனி?" இப்படிக் கேட்பவரை யாரும் ஆங்கிலம் தெரியாதவராக எண்ணுவதில்லை, கவனமாக வேலை செய்பவராகவே எண்ணுவார்கள்.

நாளும் நேரமும் பேசும்போது "டுமாரோ" என்ற சொல்லை நம்ப வேண்டாம். பினாங்கில் செவ்வாய்க்கிழமை காலை 8 மணியாக இருக்கும்போது கலிஃபோர்னியாவில் திங்கட்கிழமை மாலை 5 மணி; குளிர்காலத்தில் 4 மணி. கிழமையையும் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். 3/4 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆகவே மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். கூட்டம் முடிந்த பத்து நிமிடத்திற்குள், ஒப்புக்கொண்டது என்ன, யார் செய்ய வேண்டும், எந்த நாளுக்குள் என்று மூன்று வரியில் ஒரு மின்னஞ்சலை நீங்களே முந்தி அனுப்பிவிடுங்கள்; பேச்சில் ஏதேனும் பிசகியிருந்தால் அன்றைக்கே திருத்திக்கொள்ளலாம்.